தாய்வழி என்று நான் சொன்ன நாள்

ஒருவரைச் சுடப்போகிற உண்மையை முதலில் அவரிடம் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டுமா, அல்லது அவரோடு வாழ்கிறவரும் பக்கத்தில் இருக்கும்போதே சொல்ல வேண்டுமா? இதற்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. தெரியாமலேயே ஒருமுறை இரண்டாவது வழியில் சொல்லிவிட்டேன். சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். சரியாகவும் சொன்னேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஓய்வுபெற்றவள் என்று சொல்லிக்கொள்ளும் வயது எனக்கு ஆகவில்லை. மகள் பிறப்பதற்கு முன்பு வேலையை விட்டேன், திரும்பிப் போகவில்லை. இப்போது ஹைதராபாத் குஷாய்குடாவில் ஒரு மூன்றாவது மாடி வீட்டில், அவள் ஒரு வாய் சாப்பிட்டு மறுவாய்க்கு முகத்தைத் திருப்பினால் அது அடமா, நோயா என்று யோசித்துக்கொண்டிருப்பதே என் முழுநேர வேலை. பழைய வேலையைப் பற்றி எழுதும் எண்ணமெல்லாம் இருந்ததில்லை. போன மாதம் ஸ்ரவணி கூப்பிட்டாள். ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பிறகு சேர்ந்தவள், தெலுங்குப் பெண். நான் உட்கார்ந்திருந்த கருவிக்கு இப்போது வேலையே இல்லையாம். முதலிலேயே மரபணுப் பரிசோதனை செய்துவிடுகிறார்கள். தசையை வெட்டி எடுத்து அனுப்புவது ஏறக்குறைய நின்றுவிட்டது. கருவியின்மேல் துணி போர்த்தி மூலையில் வைத்திருக்கிறார்களாம். "அக்கா, மிஷினுக்கு ரிடையர்மென்ட், மீகு ப்ரமோஷன்" என்று சிரித்தாள். எனக்கு வந்த அந்தப் பதவி உயர்வு என்னவென்றால், வரும் குடும்பங்களுக்கு நோயை விளக்கும் ஒலிப்பதிவு ஒன்றை ஒவ்வொரு மொழியிலும் தயாரிக்கிறார்கள். தமிழுக்கு நான் எழுதிப் பேசித்தர வேண்டும்.

சரி என்று சொல்லிவிட்டேன். பாதிவரை எழுதியும் விட்டேன். அதற்குமேல் ஒரு வாக்கியம் கூட நகரவில்லை. ஏன் நகரவில்லை என்று சொல்ல, என் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் உயிர்வேதியியல் படித்தவள். போலாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி பேகம்பேட்டுக்கு வந்து, ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். முதல் வருடம் முழுக்கக் குடுவை கழுவினேன், கரைசல் கலந்தேன், விலையுயர்ந்த மெல்லிய சவ்வுகளைக் கிழித்துத் திட்டு வாங்கினேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கருவியில் உட்காரவிட்டார்கள்.

செல் மூச்சு விடுவதை அளக்கும் கருவி அது. நாம் மூக்கால் இழுக்கும் ஆக்சிஜன் கடைசியில் போய்ச் சேரும் இடம், செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. சாப்பிட்ட சோற்றின் சக்தி அங்கேதான் உடம்புக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாறுகிறது. வருகிறவர்களுக்கு நான் எங்கள் அடுக்குமாடி வீடுகளின் தண்ணீர்த்தொட்டியை வைத்து விளக்குவேன். மோட்டார் போட்டுத் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றுகிறோம். அது கீழே இறங்கி வரும் வேகத்தில்தான் எல்லா வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வருகிறது. செல்லுக்குள்ளும் அப்படித்தான். சாப்பாட்டிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிக்கொண்டே போகும்போது மோட்டார்கள் ஓடுகின்றன; ஹைட்ரஜன் அயனிகள் ஒரு சவ்வுக்கு அந்தப் பக்கம் ஏற்றப்படுகின்றன. அவை திரும்பி இறங்கும் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழன்று, உடம்பு செலவழிக்கும் சக்தியான ஏ.டி.பி. உண்டாகிறது. கை மாறி மாறி வந்த எலக்ட்ரானைக் கடைசியில் வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். அதனால் ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகத் தீர்கிறது என்று பார்த்தால், மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

மருத்துவமனையில் தொடைத் தசையிலிருந்து எடுத்த அரிசி அளவுத் துண்டு, குளிர்ந்த கரைசலில், ஐஸ் பெட்டிக்குள் வரும். உறையவைத்தால் செத்துவிடும். வெளிச்சூட்டில் விட்டால் கையிருப்பைத் தானே தின்று தீர்த்துவிடும். உறையாமல், விழிக்காமல் கொண்டுவர வேண்டும். வந்ததும் ஐஸ்மேல் வைத்த கண்ணாடித் தட்டில், இரண்டு ஊசிகளால் அதை நார் நாராகப் பிரிப்பேன். பிரித்ததை உடம்புச் சூட்டில் இருக்கும் கண்ணாடி அறைக்குள் விட்டு மூடுவேன். திரையில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஒரு கோடு கிடையாக ஓடிக்கொண்டிருக்கும். உணவைச் சேர்த்தால் லேசாகச் சரியும். ஏ.டி.பி.யாக மாற வேண்டிய மூலப்பொருளைச் சேர்த்தால் செங்குத்தாக இறங்கும். ஆரோக்கியமான தசை என்றால், அந்த இறக்கத்தைப் பார்க்கவே மனதுக்கு நிறைவாக இருக்கும்.

எங்கள் தலைவி ஷாஹீன் மேடம். பழைய ஹைதராபாத் குடும்பம். குரலை உயர்த்திப் பார்த்ததில்லை. "சாம்பிள் சரியில்லை மேடம்" என்று யாராவது சொன்னால், உடனே பதில் சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "நீ என்ன செய்தாய் என்று வரிசையாகச் சொல்" என்பார். சொல்லிக்கொண்டு வரும்போதே நம் தவறு எங்கே என்று நமக்கே தெரிந்துவிடும். தெரிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். அதோடு பேச்சு முடிந்தது.

குடும்பங்களிடம் பேசுவதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். தாயும் தந்தையும் சேர்ந்து உட்கார வேண்டும். ஒரே சொற்களை ஒரே நேரத்தில் இருவரும் கேட்க வேண்டும். இதற்குக் காரணம் இருந்தது. கணவனிடம் மட்டும் சொன்னால், வீட்டுக்குப் போவதற்குள் அது பாதியாகிவிடும். மனைவியிடம் மட்டும் சொன்னால், அவள் சொல்வதை வீட்டில் நம்ப மாட்டார்கள். இரண்டையும் அவர் நிறையப் பார்த்திருந்தார். மொழி தெரியாத மனைவிக்குக் கணவனே பெயர்த்துச் சொல்வதையும் அவர் அனுமதிக்கவில்லை. தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் கருவியிலிருந்து என்னை எழுப்பிக் கூப்பிடுவார்கள். மேடம் ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நிறுத்துவார். நான் தமிழில் சொல்வேன். அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போவார்.

தேவகியும் பிரபுவும் அப்படித்தான் எனக்கு அறிமுகமானார்கள். பிரபு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். தாத்தா காலத்திலிருந்தே செகந்திராபாத். தேவகி அரக்கோணத்தில் வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்தவர். பிரபுவின் அம்மாவும் தேவகியின் அப்பாவும் கூடப் பிறந்தவர்கள். அத்தை மகனைக் கட்டிக்கொண்டவர். கணவரை மாமா என்றுதான் கூப்பிடுவார். என்னை இருவரும் சிஸ்டர் என்றார்கள். நான் நர்ஸ் இல்லை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

மகன் நிதினுக்கு ஐந்து வயது. வாய் ஓயாத பையன். ஆனால் நடந்தால் கொஞ்ச தூரத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிடுவான். அடிக்கடி வாந்தி. பள்ளியில் சோம்பேறி என்று பெயர். தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் தெலுங்கிலோ ஹிந்தியிலோ வரும். "எந்திரி கண்ணா, இன்னும் கொஞ்சம்தான்" என்று தேவகி கெஞ்சினால், "நக்கோ அம்மா, சார்ஜ் அயிபோயிந்தி" என்பான், வேண்டாம், சார்ஜ் தீர்ந்துபோச்சு என்று. நான் படித்த புத்தகங்கள் எதிலும் அந்த நோயை இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கவில்லை.

அவனுடைய தசைத்துண்டை நான்தான் பிரித்தேன். உணவைச் சேர்த்தேன். மூலப்பொருளைச் சேர்த்தேன். கோடு அசையவில்லை. கருவி பழுதோ என்று நினைத்து, மேடம் கேட்காமலேயே நான் செய்ததையெல்லாம் வரிசையாக எனக்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு சக்சினேட் என்ற வேறொரு உணவைச் சேர்த்தேன். அது முதல் மோட்டாரைத் தொடாமல் பக்கவழியாக உள்ளே போவது. கோடு சட்டென்று இறங்கியது. அவனுடைய தசைக்கு உயிர் இருந்தது. மற்ற மோட்டார்கள் எல்லாம் காத்துக்கொண்டிருந்தன. முதல் மோட்டார் மட்டும் ஓடவில்லை. இரண்டாவது துண்டிலும் அதேதான்.

முதல் மோட்டார் ஓடாததற்கு இரண்டு விதமான காரணங்கள் இருக்கலாம். பெரும்பாலும், தாயிடமும் தந்தையிடமும் ஒரே மரபணுவின் பழுதான பிரதி ஒவ்வொன்று இருந்து, இரண்டும் குழந்தையிடம் வந்து சேர்வதால். உறவுக்குள் மணம் செய்தவர்களிடம் இதற்கு வாய்ப்பு அதிகம். அரிதாக, மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே இருக்கும் தனி டி.என்.ஏ.வில் பழுது இருப்பதால். எது என்று என் கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு மரபணுப் பரிசோதனை வேண்டும்.

முதல் சந்திப்பில் மேடம் இதைத்தான் சொன்னார். அநேகமாக இருவரிடமிருந்தும் வந்திருக்கும், பரிசோதனை முடிவு வரட்டும் என்றார். நான் தமிழில் சொன்னேன். அதுவரை சுருங்கி உட்கார்ந்திருந்த தேவகி நிமிர்ந்தார்.

"அப்ப ரெண்டு பேரும் பாதிப் பாதியா, சிஸ்டர்?"

ஆமாம், அப்படி இருந்தால் சரிபாதிதான் என்றேன்.

"இதுலயும் பங்கு கேக்கறா பாருங்க" என்றார் பிரபு. தேவகி அவர் தொடையில் தட்டினார். அப்படிப்பட்ட நேரத்தில் இருவரும் சிரித்தார்கள். எங்கள் அறையில் பெற்றோர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அவர்களுக்கு இது புதிய செய்தியே அல்ல என்று பிறகு புரிந்தது. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று உறவினர் முதல் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் வரை எல்லோரும் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அதைப் பெரிய பாத்திரத்தை இரண்டு பக்கக் காதையும் பிடித்துத் தூக்குவதுபோல இருவரும் சேர்ந்து தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

பரிசோதனை முடிவு வந்தபோது அது அரிதான வகை. மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறியிருந்தது. தேவகியிடமும் அதே மாற்றம் இருந்தது. குறைந்த அளவில் இருந்ததால் அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. பிரபுவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவர்கள் சொந்தத்தில் கட்டியதற்கும் சம்பந்தம் இல்லை. தேவகி யாரைக் கட்டியிருந்தாலும் இது நடந்திருக்கலாம்.

அன்று காலை மேடத்தின் அறைக்குள் போவதற்கு முன் ஒரு நிமிடம் நின்றேன். தேவகியை முதலில் தனியாக வரச்சொல்லலாமா என்று கேட்க நினைத்தேன். கேட்டிருந்தால் மேடம் கண்ணாடியைக் கழற்றியிருப்பார், காரணம் கேட்டிருப்பார். சொல்ல என்னிடம் காரணம் இல்லை. மனதுக்குள் ஏதோ சரியில்லை என்று பட்டது, அவ்வளவுதான். முறை என்ற ஒன்று இருந்தது, அதற்குப் பின்னால் நியாயம் இருந்தது, பிரபு நல்ல மனிதர். உள்ளே போய் உட்கார்ந்தேன்.

மேடம் முதல் வாக்கியத்தைச் சொன்னார். பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டோம். நான் சொன்னேன்.

இரண்டாவது வாக்கியம். இந்த வகை டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே குழந்தைக்கு வருகிறது. நான் சொன்னேன். தாய்வழி என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினேன்.

மூன்றாவது வாக்கியத்தை மேடம் தொடங்கவில்லை. நான் சொல்லி முடித்த பிறகு, அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார். அந்தச் சின்ன இடைவெளியில் பிரபு மூச்சுவிட்டார். நீளமான மூச்சு. வருடக்கணக்காகத் தூக்கிவந்ததை இறக்கிவைத்தவர் விடும் மூச்சு. அவருக்கே அது தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். பக்கத்தில் இருந்த தேவகிக்குத் தெரிந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் பிரபு அவர் கையைப் பிடித்துக்கொண்டு மிகவும் அன்பாகச் சொன்னார்:

"பரவால்ல விடு, தேவகி. நான் உன்னை ஒண்ணும் சொல்லமாட்டேன்."

மேடத்துக்குத் தமிழ் தெரியாது. பிரபு ஆறுதல் சொல்கிறார் என்பது மட்டும் புரிந்தது. லேசாகத் தலையசைத்துவிட்டு மூன்றாவது வாக்கியத்தைச் சொன்னார். இது யாருடைய தவறும் இல்லை. தாய் எதையும் செய்து இது வரவில்லை. அவருக்கும் அவருடைய தாயிடமிருந்து அப்படியே வந்ததுதான். நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். மேடம் சொல்லாத இரண்டு வாக்கியங்களை நானாகச் சேர்த்தும் சொன்னேன். பிரபு "புரியுது சிஸ்டர், புரியுது" என்று தேவகியின் கையைத் தட்டிக்கொண்டே இருந்தார். தேவகி என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. கதவை யார் சாத்தினார்கள் என்று பார்ப்பதுபோல.

இரண்டாவது வாக்கியத்தையும் மூன்றாவதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். மேடத்துக்குக் கண்ணைக் காட்டி, தொடரச் சொல்லியிருக்கலாம். சொந்தத்தில் கட்டியதால் இல்லை என்பதிலிருந்தே தொடங்கியிருக்கலாம். இப்படி எத்தனையோ "லாம்"களை மகளுக்குத் தலை வாரும்போது யோசித்திருக்கிறேன். எதை முன்னால் வைத்தாலும் அந்த மூச்சு வந்திருக்கும் என்றும் சில நாள் தோன்றுகிறது. உண்மை அவருக்கு நிம்மதி தருவதாகத்தானே இருந்தது? நிம்மதி அடைந்தது அவர் குற்றமா?

சில வாரங்கள் கழித்து மறுபார்வைக்கு வந்தார்கள். மருந்துகள், வைட்டமின்கள், எந்த நேரத்திலும் பட்டினி கிடக்கவிடக் கூடாது என்ற கட்டுப்பாடு. குணமாக்கும் மருந்து கிடையாது. பிரபு நிதினைத் தூக்கிக்கொண்டு ரத்தம் கொடுக்கப் போயிருந்தார். கேன்டீனில் தேவகி தனியாக இருந்ததைப் பார்த்து எதிரே உட்கார்ந்தேன். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"நல்லா இருக்கோம் சிஸ்டர். முன்னல்லாம் ஓயாம சண்டை போடுவோம். உங்கம்மாதான் பிடிவாதமா நம்ம ரெண்டு பேரையும் கட்டி வச்சாங்கன்னு நான் கத்துவேன். உங்கப்பா மட்டும் வேணாம்னாரான்னு அவர் கத்துவார். கத்தி முடிச்சு ரெண்டு பேரும் ஒக்காந்து சாப்பிடுவோம்." டீ டம்ளரை மேஜையில் நகர்த்திக்கொண்டே இருந்தார். "இப்ப சண்டையே இல்ல. ரொம்ப நல்லா பாத்துக்கறார். நான் ஏதாவது சொன்னாகூட, சரி விடுங்கறார். ராத்திரி சாப்ட்ட தட்டைக்கூட அவரே கழுவி வைக்கறார்."

டம்ளரை நகர்த்துவதை நிறுத்தினார்.

"ஒரு வாட்டியாவது திருப்பிக் கத்தினா நல்லா இருக்கும், சிஸ்டர்."

நம் எல்லோருக்கும் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்துதான் வருகிறது என்றேன். எனக்கும் உங்களுக்கும் மேடத்துக்கும், உங்கள் கணவருக்கும்கூட. அதில் நல்லது கெட்டது நம் கையில் இல்லை என்றேன். பாடம் நடத்துவதுபோல என் குரல் எனக்கே கேட்டது. தேவகி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அதை அவர்கிட்ட சொல்லுங்க" என்றார். அதற்குள் பிரபு வந்துவிட்டார். தோளில் நிதின் ஊசி போட்ட கையைக் கொடிபோலத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். நான் எழுந்து இடம் கொடுத்தேன். பிரபு, "ஒக்காருங்க சிஸ்டர், டீ சொல்றேன்" என்றார். மேலே வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை.

மேடத்திடம் பிறகு சொன்னேன். பிரபு அன்று சொன்ன சொற்களை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நான் என்ன செய்தேன் என்று வரிசையாகக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "தனியாகச் சொல்லியிருந்தால், வீட்டுக்குப் போய் அவளே அவனிடம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அது இதைவிட எளிதாக இருந்திருக்குமா?" என்று கேட்டார். கண்ணாடியை மாட்டிக்கொள்ளாமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு சீக்கிரமே நான் கருவுற்றேன். எங்கள் வேலையில் மோட்டார்களை நிறுத்திப் பார்க்க நஞ்சுகளைப் பயன்படுத்துவோம். அதனால் கருவியிலிருந்து என்னை எழுப்பி, காகித வேலைக்கு மாற்றினார்கள். பிறகு அதையும் விட்டேன். மகள் வயிற்றில் இருந்தபோது, இவளுடைய மோட்டார்கள் எல்லாம் என்னுடையவை என்ற நினைப்பு என்னை விடவில்லை. படித்துத் தேர்வு எழுதிய விஷயம்தான். என் கணவரிடம் ஒருநாள் இதைச் சொன்னபோது, "அப்ப அவ ஓடி ஓடி என்னைக் களைப்பாக்கினா அதுக்கும் நீதான் காரணம்" என்றார். வேடிக்கைக்குச் சொன்னார். சிரித்தேன். ஆனாலும் உள்ளே எங்கோ அது தைத்தது. எல்லாம் நன்றாக இருக்கும் எனக்கே அப்படி என்றால்?

ஸ்ரவணி கூப்பிட்டபோது நிதினைப் பற்றிக் கேட்டேன். வருகிறானாம். இப்போது சக்கர நாற்காலி. பேச்சு மட்டும் குறையவில்லையாம். ஒவ்வொரு முறையும் அப்பாதான் உள்ளே அழைத்து வருகிறாராம். மருந்து, சாப்பாட்டு நேரம் எல்லாம் அவருக்கு மனப்பாடமாம். "அவன் அம்மா?" என்றேன். அவரும் வருவார், ஆனால் அறைக்குள் வருவதில்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார் என்றாள். மேடம் கூப்பிட்டுப் பார்த்தாராம். "அவரே பாத்துக்கறார்" என்று தேவகி சொல்லிவிட்டாராம்.

இதுதான் என் ஒலிப்பதிவு நிற்கும் இடம். செல், சக்தி, தண்ணீர்த்தொட்டி, மோட்டார் எல்லாம் எழுதிவிட்டேன். தாயிடமிருந்து வருகிறது என்ற வாக்கியத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறேன். அதை விடவும் முடியாது; அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும் எவருக்கும் அது தெரிந்தாக வேண்டும். இந்த முறை நான் எதிரே உட்கார்ந்திருக்க மாட்டேன். யார் எப்போது மூச்சுவிடுகிறார் என்று பார்க்கவும் முடியாது.

இதைப் படிப்பவர்களில், இப்படி ஒரு செய்தியைக் கேட்ட தாய்மார்கள் இருந்தால் எழுதுங்கள். தனியாகக் கேட்டிருக்க விரும்பினீர்களா, கணவரோடா? அதைவிடவும், கேட்ட கணவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து நீங்கள் எழுதுங்கள். உங்கள் மனைவி மன்னிக்கப்பட வேண்டியவர் அல்ல என்பது உங்கள் காதில் விழ, அந்த வாக்கியத்தை நான் எப்படிச் சொல்ல வேண்டும்?